மூடி போட்ட மோதிரம்

வைத்த இடத்தில் பாட்டில் இல்லை.

சொட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். மெஷினுக்குப் பக்கத்துப் பலகையில் துடைக்கிற துணி இருந்தது, ஸ்பானர் இருந்தது, செல்போன் இருந்தது. காலி பாட்டிலைத்தான் காணோம். அதைக் காலி பாட்டில் என்று சொல்வதுகூடத் தப்பு. அதற்குள் அவனுடைய கல்யாண மோதிரம் இருந்தது.

சொட்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. தக்காளி சாஸ் நிரப்பும் மெஷினில் நின்ற நாளிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவிட்டதில்லை என்பதற்காகக் கம்பெனி வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

அந்த மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. பெல்ட்டில் காலி பாட்டில்கள் வரிசையாக வர வேண்டும். வந்தால் மேலேயிருந்து குழாய்கள் இறங்கி சாஸை நிரப்பும், அடுத்த கை மூடியைத் திருகும், அதற்கடுத்தது லேபிளை ஒட்டும். வரிசையில் ஒரு பாட்டில் குறைந்தால் போதும், கோபித்துக்கொண்டு நின்றுவிடும். மணி வேறு அடித்து முதலாளிக்குக் கோள் சொல்லும். அதனால் எங்கே இடைவெளி தெரிந்தாலும் சொட்டின் கை தானாக நீண்டு, பக்கத்தில் இருக்கிற ஒரு காலி பாட்டிலை எடுத்து அங்கே வைத்துவிடும். மூளையைக் கேட்காது.

சற்று முன்னால் மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தபோதும் அது கேட்கவில்லை.

"அப்பா சாயங்கால பஸ்ல வராரு. உங்க கம்பெனி பக்கத்து ஸ்டாப்லதான் இறங்குவாரு. நேரா போய்க் கூட்டிட்டு வந்துடுங்க. மோதிரம் விரல்லதானே இருக்கு?"

"இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஓர் இடைவெளியை அடைத்தான். எதை வைத்து அடைத்தான் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

மாமனார் வந்தால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விரலைத்தான் பார்ப்பார். அவர் தன் கையால் போட்டுவிட்ட மோதிரம் அது. போன தடவை வந்தபோது விரல் வெறுமையாக இருந்தது. "வேலைக்குப் போட்டுட்டுப் போகக் கூடாது மாமா, பீரோவுல இருக்கு" என்று எடுத்துக் காட்டியும் அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. "இது நான் போட்டதுதானா?" என்று அவர் சமையலறையில் மகளிடம் கிசுகிசுத்தது கூடம்வரை கேட்டது. அதனால்தான் மனைவி இன்று காலையில் தானே மோதிரத்தை மாட்டிவிட்டு, "இந்தத் தடவை விரல் காலியா இருந்துச்சுன்னா அப்பா திரும்பிப் போற பஸ்லயே நானும் ஏறிடுவேன்" என்றாள். அவள் சொன்னால் செய்கிறவள். ஏற்கெனவே ஒரு தடவை ஏறியிருக்கிறாள்.

ஆனால் முதலாளியின் சட்டம் வேறு. 'மோதிரம், வாட்ச், தோடு எதுவும் மெஷின் அறைக்குள் வரக்கூடாது. வந்தால் அதோடு நீங்களும் வெளியே' என்று வாசலில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார். துணி மாற்றும் அறை அலமாரிகளில் ஒன்றுக்கும் பூட்டு கிடையாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சொட்டு, மோதிரத்தைக் கழற்றிக் காலி பாட்டிலில் போட்டு, கண்ணெதிரே இருக்கட்டும் என்று பலகையில் வைத்திருந்தான். டீ குடித்துவிட்டு வந்தபோதுகூடத் தூரத்திலிருந்தே பார்த்தான். பாட்டிலின் அடியில் மினுமினுத்தது. நிம்மதியாக மெஷினை ஓட்டினான்.

இப்போது அந்தப் பாட்டில் சாஸ் குடித்து, மூடி போட்டு, லேபிள் ஒட்டிக்கொண்டு, தன் அண்ணன் தம்பிகளோடு பேக்கிங் மேஜையில் நின்றது. எது அது என்று பெற்ற மெஷினுக்கே தெரியாது.

சொட்டு மெஷினை நிறுத்திவிட்டு மேஜைக்கு ஓடினான். ஒரு பாட்டிலை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினான். சத்தம் இல்லை. அடுத்ததைக் குலுக்கினான்.

பேக்கிங் பெண்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னண்ணே, இளநியா வாங்குறீங்க?"

"காத்து ஏதாவது உள்ள போயிருக்கான்னு பாக்குறேன்."

"காதுல வச்சா?"

கெட்டியான சாஸ். உள்ளே கல்லே கிடந்தாலும் கமுக்கமாகத்தான் கிடக்கும். எடை போட்டுப் பார்க்கலாம் என்றால் கம்பெனியில் இருந்தது தக்காளி மூட்டை நிறுக்கும் தராசு ஒன்றுதான். ஒரு பாட்டிலை வைத்தால் முள் தூக்கத்தில்கூடப் புரளாது.

அதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. பேக்கிங் பெண்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டிப் பெருக்குகிற அக்கா துடைப்பத்தோடு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"சாப்பிடலையா தம்பி?"

"பசிக்கலக்கா."

"பசிக்கலைன்னாலும் டப்பாவத் தொறந்து பாருங்க தம்பி. வீட்டுல ஆசையா செஞ்சு குடுத்திருப்பாங்க."

"அக்கா, தயவு செஞ்சு போங்கக்கா. தலைக்கு மேல வேலை இருக்கு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெருக்கப் போய்விட்டாள்.

ஆள் இல்லாத நேரம். சொட்டு நீளமான கரண்டி ஒன்றைத் தேடி எடுத்தான். ஒரு பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, கரண்டியை விட்டுத் துழாவினான். இல்லை. மூடினான். அடுத்தது. இல்லை. அவசரத்தில் சட்டையெல்லாம் சிவப்பாயிற்று. தரையில் சொட்டியது. சொட்டு சொட்டியதை அந்தக் கம்பெனி அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தது.

பார்த்தது முதலாளி.

"டேய்! என்னடா பண்ற? வெளிய சரக்கு ஏத்த வண்டிக்காரன் நிக்குறான், நீ சீல் வச்ச பாட்டிலைத் தொறந்து கரண்டி விட்டுக்கிட்டு இருக்கே!"

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் வண்டி போகும், வண்டியோடு மோதிரம் போகும், மோதிரத்துக்குப் பின்னாலேயே பெண்டாட்டி போவாள். சொட்டின் கண் பலகையில் கிடந்த ஸ்பானரில் விழுந்தது. வாய் முந்திக்கொண்டது.

"மெஷின்லேருந்து ஒரு நட்டு கழண்டு சாஸ்ல விழுந்துருச்சோன்னு சந்தேகமா இருக்கு முதலாளி."

முதலாளி மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"நட்டா? சாப்பிடுற பொருள்லயா? ஒரு குழந்தை முழுங்கிடுச்சுன்னா? வண்டிய நிறுத்து! மெக்கானிக்கைக் கூப்பிடு!"

மோதிரம் வெளியே போகாது என்று சொட்டுக்கு ஒரு மூச்சு வந்தது. அந்த மூச்சை விடுவதற்குள் மெக்கானிக் வந்துவிட்டார். அந்த மெஷினைப் பெற்ற மகளைப் போல் வைத்திருக்கிறவர். தினமும் எண்ணெய் போடும்போது "என்னம்மா" என்று பேசுவார். பெரிய மீசை. அது இப்போது துடித்தது.

"நட்டு கழண்டுச்சா? என் மெஷின்லயா? யாரு சொன்னது?"

"சந்தேகம்னுதான்ணே சொன்னேன்" என்றான் சொட்டு ஈன சுரத்தில்.

"என் பொண்ணு மேல சந்தேகமா?"

அவர் தரையில் ஒரு விரிப்பை விரித்தார். மெஷினை மூட்டு மூட்டாகக் கழற்றினார். ஒவ்வொரு நட்டாகத் துடைத்து, அதனதன் போல்ட்டோடு ஜோடி சேர்த்து அடுக்கினார். கல்யாணப் பந்தி போல வரிசையாக உட்கார்ந்தன. ஒரு போல்ட்டும் துணையில்லாமல் இல்லை.

"பாத்துக்கோங்க முதலாளி. எல்லாம் அப்படியே இருக்கு. இதுல ஒரு நட்டு விழுந்திருந்தா நான் மீசைய எடுத்துடுறேன்."

முதலாளி மெல்லத் திரும்பிச் சொட்டைப் பார்த்தார். ஒரு பொய்யை நிமிர்த்தி வைக்க ஒன்பது பொய் முட்டுக் கொடுக்க வேண்டும் என்பார்கள். சொட்டிடம் இன்னும் ஒன்றுதான் கையிருப்பு இருந்தது.

"என் காதால சத்தம் கேட்டேன் முதலாளி. டங்குன்னு கேட்டுச்சு. அப்புறம் உங்க இஷ்டம். ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி பேருதான் கெடும்."

முதலாளி கம்பெனியின் பெயரை மகனுக்கே வைத்தவர். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் தொற. எல்லாத்தையும் சல்லடையில ஊத்து."

"நானே ஊத்துறேன் முதலாளி" என்று சொட்டு பாய்ந்தான். "வேற யாரும் கை வைக்க வேணாம்."

வேறு யாராவது கை வைத்தால் மோதிரம் அவர்கள் கையில் அல்லவா கிடைக்கும்! முதலாளிக்கு இது தெரியாது. அவன் பொறுப்பை நினைத்து அவர் கண் கலங்கிற்று.

பெரிய அண்டாவின் மேல் சல்லடையை வைத்தார்கள். சொட்டு ஒவ்வொரு பாட்டிலாகக் கவிழ்த்தான், வழித்தான், விரல்களால் துழாவினான். முழங்கைவரை சாஸ். ஈக்கள் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பிக் கூட்டி வந்தன. கவிழ்த்த ஒவ்வொரு பாட்டிலும் முதலாளிக்கு நஷ்டம், சொட்டுக்கு நெஞ்சிடி. போன் அடித்தது. பேக்கிங் பெண் எடுத்து அவன் காதில் பிடித்தாள்.

"சாப்டீங்களா?" என்றாள் மனைவி.

"சாப்டேன்."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"மோதிரம்?"

"அதுவும் நல்லா இருக்கு."

கூட்டுகிற அக்கா தரையைத் துடைத்துக்கொண்டே நெருங்கினாள். "தம்பி, ஒரு வாய் சாப்பிட்டு வந்து பாருங்களேன். உங்ககிட்டத் தனியா..."

"அக்கா!" என்று முதலாளியே கத்தினார். "ஒரு மனுஷன் சோறு தண்ணி இல்லாம உழைக்கிறான், நடுவுல என்ன பேச்சு!"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.

அடுத்த பாட்டிலைக் கவிழ்த்தான்.

டங்!

சொட்டின் உயிர் போய்த் திரும்பி வந்தது. கிடைத்துவிட்டது! கையைக் குவித்துச் சல்லடைக்குள் விட்டு, யாரும் பார்ப்பதற்குள் விரலில் மாட்டப் பார்த்தான். மாட்டவில்லை. கட்டைவிரல் கனத்துக்கு இருந்தது. ஆறு மூலை இருந்தது.

நட்டு.

"கெடைச்சிருச்சு!" என்று முதலாளி கூவினார்.

மெக்கானிக் நட்டைப் பார்த்தார். விரிப்பைப் பார்த்தார். மறுபடி நட்டைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. ஆனால் அங்கே எல்லோரையும்விட அதிகமாக நடுங்கியவன் சொட்டுதான். தான் சொன்னது பச்சைப் பொய் என்று அவனுக்கல்லவா தெரியும்! பொய் சொன்னால் போஜனம் கிடைக்காது என்று கேட்டிருக்கிறான். நட்டு கிடைக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

"போதும்டா, நிறுத்து. அதான் கெடைச்சிருச்சே" என்றார் முதலாளி.

"இல்ல முதலாளி, இன்னும் இருக்கலாம்" என்றான் சொட்டு அழாத குறையாக.

"பாத்தீங்களாப்பா! இவன் மனுஷனா, தெய்வமா?"

கடைசிப் பாட்டில்வரை கவிழ்த்தாயிற்று. மோதிரம் இல்லை. சூடான சாஸில் தங்கம் கரையுமா என்று பேக்கிங் பெண்களிடம் கேட்டான். அவர்கள் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள்.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். நட்டைக் கழுவித் துடைத்து உயர்த்திப் பிடித்தார்.

"இன்னிக்கு இவன் இல்லைன்னா நம்ம கம்பெனி இல்ல. இனிமே இவன்தான் தரம் பாக்குற அதிகாரி. தனி ரூம், தனி நாற்காலி. இந்த நட்டை ஃப்ரேம் போட்டு வாசல்ல மாட்டப் போறேன்!"

கைதட்டல் எழுந்தது. அந்த நேரம் உள்ளே ஒருவர் வந்தார். புது ஆளோ என்று சொட்டு நினைத்தான். மேலுதடு மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. மெக்கானிக்.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன்" என்று அவர் கரகரத்தார். "தப்பு என் மேலதான் தம்பி. நாளைலேருந்து நான் வரல முதலாளி. என் பொண்ணப் பத்திரமா பாத்துக்கோங்க."

சொட்டுக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. வாசலில் பையோடு மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

"ஸ்டாப்ல ரொம்ப நேரம் நின்னேன், மாப்பிள்ளையக் காணோம். அதான் விசாரிச்சுக்கிட்டு வந்தேன்" என்றார்.

"வாங்க பெரியவரே, சரியான நேரத்துல வந்தீங்க!" என்று முதலாளி அவரை முன்னால் கூட்டிவந்தார். "உங்க மாப்பிள்ளை மாதிரி ஒரு யோக்கியன இந்த ஊருல பாக்க முடியாது."

மாமனார் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. சாஸ் சொட்டுகிற விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எல்லாம் சரி. மோதிரம் எங்க மாப்பிள்ளை?"

சொட்டு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். சொல்வதற்கு ஒரு பொய்கூட மிச்சம் இல்லை. தம்பி தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் கூட்டுகிற அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் வந்தாள்.

"பயப்படாதீங்க பெரியவரே, மோதிரம் பத்திரமா இருக்கு! காலையில இவரு அதைக் காலி பாட்டில்ல போட்டு வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. எவனாவது தூக்கிட்டுப் போயிடுவானேன்னு நான்தான் எடுத்து இவரு சாப்பாட்டு டப்பாவுல வச்சேன். வெறும் பாட்டில் ஃபேன் காத்துல உருண்டுக்கிட்டே இருந்துச்சா, பெருக்கும்போது கெடைச்ச இந்த நட்டை எடுத்து அதுக்குள்ள போட்டு நிறுத்தி வச்சேன். அப்பலேருந்து கேட்டுக்கிட்டே இருக்கேன், இன்னுமா தம்பி நீங்க சாப்பிடல?"