எண்ணெய் ஊறும் நேரத்தில் ஒரு மாநாடு

ஒரு மாநாட்டில் எவ்வளவு நேரம் பேச வேண்டும், எவ்வளவு நேரம் வேலை செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு உலகத்திலேயே சரியான விடை கண்டுபிடித்தவர் எங்கள் நல்லெண்ணெய் அண்ணாச்சிதான். விடை ஒரு தூக்குவாளியில் இருந்தது.

தென்காசி வட்டாரத்தில் கம்ப்யூட்டரைத் தொட்ட அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். அவருடைய சொந்தப் பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும் தெரியும். என்னைவிட வயதில் இளையவர். ஆனாலும் நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவனுக்கு, லேப்டாப் வைத்திருக்கிற எல்லாருமே அண்ணாச்சிதான்.

காசு வாங்காமல், ஊருக்குப் பொதுவாக மென்பொருள் எழுதுகிற தன்னார்வலர் கூட்டம் ஒன்று உண்டு. சீசனுக்குச் சீசன் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் அவர்களைக் கூட்டுவது அண்ணாச்சியின் வேலை. முதல் வருஷம் காலையிலிருந்து சாயங்காலம் வரை பேச்சு. வரவேற்புரையே மதியச் சாப்பாட்டைத் தொட்டது. ஒருவரும் ஒரு வரி மென்பொருள் எழுதவில்லை. மறு வருஷம், பேச்சே வேண்டாம், சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்யுங்கள் என்று விட்டார். அத்தனை பேரும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குப் போய்விட்டார்கள்.

அதற்கடுத்த வருஷம் மண்டப வாசலில் வாளி நிறைய நல்லெண்ணெயோடு நின்றார். வந்தவர் தலையிலெல்லாம் ஊற்றி, கடைசியில் தன் தலையிலும் ஊற்றிக்கொண்டார். எண்ணெய் ஊறுகிறவரை குளிக்கப் போக முடியாது. லேப்டாப்பைத் தொட முடியாது. செல்போனை நோண்டலாம் என்றால் வழுக்கும். மிச்சமிருக்கிற ஒரே காரியம், பேச்சைக் கேட்பது. எண்ணெய் ஊறியதும் பேச்சு முடிந்தது. அருவியில் நின்றுவிட்டு வந்தால் மண்டை தெளியும், சாயங்காலம் வரை கூட்டு வேலை.

"கேக்கதுக்கு எண்ணெ, செய்யதுக்குத் தண்ணி. மாத்திப் போட்டா ரெண்டும் வெளங்காது" என்பார்.

சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் தனக்குச் சளி பிடிக்கும் என்று பின்வாங்கினார். "ஓமம் போட்டுக் காச்சிருக்கேன், குனியுங்க சார்" என்றார் அண்ணாச்சி. பேராசிரியர் குனிந்தார்.

பேசுகிறவருக்கு மட்டும் எண்ணெய் கிடையாது. அவர் கம்ப்யூட்டரைத் தொட வேண்டுமே.

போன சீசனில் பேச என்னைப் போட்டுவிட்டார். நான் தென்காசியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். இன்டர்நெட்டைப் பார்த்துப் பார்த்து, நம் பக்கத்துப் பஸ் நேரம் சொல்லும் செயலி ஒன்றை எழுதியிருந்தேன். அதில் ஒரு சின்னக் கோளாறு. ஆலங்குளம் பஸ் கேட்டால், சில சமயம் ராயகிரி பஸ்ஸைக் காட்டும். ஒன்று கிழக்கே, ஒன்று வடக்கே. மாதக்கணக்காகத் தேடியும் பிடிபடவில்லை. யாரிடமாவது கேட்டால், "எந்தக் காலேஜ்?" என்று திருப்பிக் கேட்பார்களோ என்று பயம். பேச்சை முடித்துவிட்டுச் செயலியையே அழித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. பேசும்போது கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்று கவலை. போகாவிட்டால் என்ன செய்வது என்பது அதைவிடப் பெரிய கவலை.

மேடையிலிருந்து பார்த்தால், எண்ணெய்க் கத்தரிக்காய் மாதிரி வரிசையாகத் தலைகள் மின்னின. மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். கோளாறைப் பற்றி வாயே திறக்கவில்லை. நன்றி சொல்லி நிமிர்ந்தபோது, எண்ணெய் யாருக்கும் காதுவரைகூட இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சேதி வந்தது. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. போக இடமில்லாத சபை மொத்தமும் என்னையே பார்த்தது. நான் வாசலைப் பார்த்தேன். அங்கே வாளியோடு அண்ணாச்சி.

"பேச்சு முடிஞ்சிட்டுல்லா. இனி ஒம்ம கோளாறச் சொல்லும்வே."

"கோளாறா? அப்படி ஒண்ணுமில்லையே அண்ணாச்சி."

"ஒம்ம செயலியப் பாத்து ஆலங்குளத்துல இருக்க என் வீட்டுக்கு பஸ் ஏறி, ராயகிரில போய் எறங்குனவன் நான். சொல்லும்."

சபை சிரித்தது. கோளாறைச் சொன்னேன். எழுதினதெல்லாம் திரையில் விரிந்தது. ஒருவர் எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். அப்புறம் நாலைந்து பேர். காய்ந்த கை எனக்கு மட்டும்தான் என்பதால், அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஆளாளுக்கு ஒரு வரியைச் சுட்டிக்காட்ட, என் சட்டையெல்லாம் எண்ணெய். எந்தக் காலேஜ் என்று ஒருவரும் கேட்கவில்லை. "இத எவம்லே எழுதுனது?" என்று மட்டும் ஒருவர் கேட்டார். நான்தான் என்றேன். "சரி, அந்த வரிய அழியும்" என்றார்.

வேலை பாதியில் இருக்கும்போது, அருவியைத் திறந்துவிட்டார்கள் என்று சேதி. மண்டபம் காலியானது. அண்ணாச்சி மட்டும் போகவில்லை. அவருக்கு மென்பொருள் எழுத வராது. என் போனை வாங்கி, கையிலிருந்து வழுக்க வழுக்க ஆலங்குளம், ஆலங்குளம் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். ராயகிரி வரும்போதெல்லாம் உதட்டைப் பிதுக்கினார். போய்க் குளித்துவிட்டு வாருங்கள் என்றேன். "இருக்கட்டும், நீரு தட்டும்" என்றார். கோளாறு பிடிபட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. அருவியை மறுபடி மூடியிருந்தார்கள்.

திரும்பும்போது தென்காசி பஸ் ஸ்டாண்டில், எண்ணெய்த் தலையோடு என் செயலியைப் பார்த்தார். அது சொன்ன பஸ்ஸில் விறுவிறுவென்று ஏறினார்.

"போர்டப் பாத்து ஏறுங்க அண்ணாச்சி."

"என்னத்துக்கு? அதான் நீரு சொல்லிட்டேருல்லா."

உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். நான் ஓடிப்போய் போர்டைப் பார்த்தேன். ஆலங்குளம் என்றுதான் இருந்தது. கண்டக்டரிடமும் கேட்டேன். அவரும் ஆலங்குளம் என்றார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ராயகிரிக்கே போனாலும் இந்த மனிதர் தனியாகப் போக வேண்டாம் என்று, நானும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.