நூற்றுப் பன்னிரண்டு பச்சைப் புள்ளிகள்

தாளாளர் தங்கசாமி ஒரு தாளை மேசையில் தனசேகரை நோக்கித் தள்ளினார்.

"இது என்னன்னு பாரு சாமி."

கல்லூரியின் வரைபடம். வாசலிலிருந்து சமையல்கூடம் வரை பச்சைப் புள்ளிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர். 'லேடீஸ் ஹாஸ்டல் மூன்றாம் மாடி'. 'வினாத்தாள் அறை'. 'தாளாளர் ஓய்வறை'.

"நம்ம வைஃபை பொட்டிங்க எல்லாமுங்க," என்றான் தனசேகர். "நூத்திப் பன்னெண்டும் இருக்குதுங்க."

"எவனோ நெட்டுல போட்டிருக்கான். எந்த ஊர்ல இருக்கறவனும் பாக்கலாமாம். சங்ககிரியில இருந்து ஒரு பொண்ணோட அப்பா இதைப் பிரிண்ட் எடுத்துட்டு வந்து என்ற மூஞ்சிக்கு நேரா நீட்டறாரு. 'எம்புள்ள எந்த மாடியில தூங்குதுன்னு ஊருக்கே படம் போட்டுக் காட்டறீங்களா'ங்கறாரு. நான் என்ன சொல்லட்டும்?"

கல்லூரியின் கணினி, கம்பி, வைஃபை எல்லாம் தனசேகரின் பொறுப்பு. அந்தப் பெயர்களை வைத்ததும் அவன்தான். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தனக்கு மறக்காமல் இருக்க.

தங்கசாமி இழுப்பறையைத் திறந்தார். உள்ளே தனசேகரின் பணி நிரந்தர ஆணை இருந்தது. ஆறு வருடத் தற்காலிக வேலைக்கு முடிவு. கையெழுத்து மட்டும் பாக்கி. அவன் பார்த்ததும் மூடினார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இதை நிறுத்து. பொறவு போடறேன்."

அன்று திங்கள்.

மாலைக்குள் தனசேகர் எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட்டான். வேம்பு, புங்கன், கொய்யா, முருங்கை. நூறு மரங்களோடு அவனுக்குத் தெரிந்த மரங்கள் தீர்ந்துபோயின. கடைசிப் பன்னிரண்டுக்குக் கீரைகளின் பெயரை வைத்தான்.

செவ்வாய் காலை அவன் வந்தபோது தங்கசாமி வளாகத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கல்லூரி கட்டுவதற்கு முன் அவர் போர்வெல் ரிக் வண்டி ஓட்டியவர். நீரோட்டம் பார்க்க, உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடப்பார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் துளை போடுவார். கல்லூரிக்குள் போட்ட மூன்று துளைகளிலும் ஆயிரத்து இருநூறு அடி வரை புழுதிதான் வந்தது. அவர் விடவில்லை. இப்போது தேங்காய் இருந்த உள்ளங்கையில் போன் இருந்தது. தண்ணீர் பார்க்கவும் ஆப் வந்துவிட்டது போல என்று எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அன்று ஒரு சுற்று கூடுதலாகவே நடந்தார். முகத்தில் சிரிப்பு.

பத்து மணிக்குச் சிரிப்பு இல்லை.

"என்னய்யா, தோப்பே வெச்சிருக்கறே?"

வரைபடத்தில் பழைய புள்ளிகள் அப்படியே இருந்தன. பக்கத்திலேயே வேம்பும் புங்கனும் முளைத்திருந்தன. மொத்தம் இருநூற்று இருபத்து நான்கு.

தாளாளர் அறையை விட்டுத் தனசேகர் வெளியே வந்தால் முதல்வர் ஸ்ரீதேவி நின்றார்.

"தனசேகர், என் ரூம்ல கொய்யா வருது, முருங்கை வருது, பொன்னாங்கண்ணி வருது. நான் எதுல சேரணும்?"

இதே கேள்வியோடு நாற்பது பேராசிரியர்கள் போன் செய்தார்கள். புதன்கிழமை தனசேகர் ஒரு பட்டியல் அச்சடித்து எல்லாக் கதவுகளிலும் ஒட்டினான். எந்த மரம் எந்த அறை என்று. வேம்பு, லேடீஸ் ஹாஸ்டல் மூன்றாம் மாடி. புளி, வினாத்தாள் அறை.

மதியத்துக்குள் மாணவர்கள் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார்கள். மூன்று மணிக்குச் சங்ககிரி அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று ஐந்துக்குத் தங்கசாமிக்கு.

"மொதல்ல படம் மட்டுந்தான் இருந்துச்சு. இப்ப வெளக்க உரையும் எழுதி ஒட்டிட்டே."

"கிழிச்சர்றனுங்க."

கிழித்தான். பெயர்களைத் திரும்பவும் மாற்றினான். இந்த முறை பூக்கள். வியாழக்கிழமை வரைபடத்தில் முந்நூற்று முப்பத்தாறு புள்ளிகள்.

அன்று மாலை அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வளாகத்தின் பின்கோடியில், வறண்ட போர்வெல் ஒன்றின் மேல் மோட்டார் ஷெட் இருந்தது. அந்தப் பக்கம் யாருக்கும் வேலையில்லை. போனோடு பெட்டியின் பக்கத்தில் வருகிறவனால்தான் அதைப் புள்ளியாக்க முடியும். மீதமிருந்த ஒரு பெட்டியை அங்கே மாட்டினான். 'வினாத்தாள் அறை புதியது' என்று பெயர் வைத்தான். வாட்ச்மேன் காளிதாஸை அழைத்தான்.

"விடிஞ்சதும் இங்க வந்து நில்லுங்கண்ணா. போனும் கையுமா எவன் வந்தாலும் எனக்குச் சொல்லணும்."

"செரிங்க சார்."

வெள்ளி காலை ஏழு மணிக்கு முந்நூற்று முப்பத்தேழாவது புள்ளி வந்தது. மோட்டார் ஷெட்டின் மேலேயே. எட்டு மணிக்கு இறுதியாண்டு மாணவர்கள் அறுபது பேர் வினாத்தாளைத் தேடி அங்கே வந்துவிட்டார்கள். பூட்டை உடைத்தார்கள். உள்ளே எரிந்துபோன மோட்டாரும் ஒரு சாரைப்பாம்பும் இருந்தன. அறுபது பேரும் ஒரே கதவு வழியாக வெளியே வர முயன்றதில் கதவு போய்விட்டது.

தங்கசாமி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இழுப்பறையிலிருந்து ஆணையை எடுத்து மேசையில் விரித்தார். பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்தார்.

"இனி நீ பேரு மாத்த வேண்டாம். எவன் இந்த வேலையச் செய்யறான்னு பேரு மட்டும் எழுதிக் குடு. நீ குடுத்ததும் நான் கையெழுத்துப் போடறேன். எவனா இருந்தாலும் செரி, அவன் இந்தக் கேட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாது. சாயங்காலம் வரைக்குந்தான்."

தனசேகர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினான். காளிதாஸ் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, பசங்க வர்றதுக்கு முன்னாடி ஷெட்டுப் பக்கம் யாரு வந்தது?"

"யாரும் வரலீங்களே."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. என்ற வேலையே இதுலதான் இருக்குது."

"ஒரு காக்கா குருவி வரலீங்க சார். ஐயா மட்டும் வந்துட்டுப் போனாருங்க."

"அவரு தண்ணி பாக்க வந்திருப்பாரு. அவர உடுங்க. வேற யாரு?"

தனசேகர் தாளைச் சுவரில் வைத்து, பேனாவோடு காத்திருந்தான். காளிதாஸ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தண்ணி பாக்கறத ஐயா எப்பவோ உட்டுட்டாருங்க சார், இப்ப பேரன் போன்ல போட்டுக் குடுத்த வெளையாட்டுதான், ஒரு வைஃபையக் கண்டுபுடிச்சா நெட்டுப் படத்துல ஒரு புள்ளி, டிங்குன்னு பத்துப் பாயிண்ட்டாமா, நீங்க பேரு மாத்தி மாத்தி வெச்சதுல ஐயா நாமக்கல் ஜில்லாவுக்கே மொதலா வந்துட்டாருங்க!"