வாளமங்கலத்தில் மட்டும் மழை

அளவுக் குடுவையை மறுபடியும் நிரப்பிக் கவிழ்த்தாள் கமருன்னிஸா. சுவரில் இன்னொரு கரிக்கோடு போட்டாள். கோடுகள் ஜன்னல் வரை போய்விட்டன. மழைமானியின் உள்பாத்திரத்தில் இன்னும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

ராத்திரி தூறியது உண்மைதான். ஆனால் கொடியில் மறந்துபோன துணியைக்கூட முழுசாக நனைக்காத தூறல் அது. வழக்கமாக அளவெடுக்கும் தலையாரி மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டார். வருவாய் ஆய்வாளராக வாளமங்கலத்துக்கு வந்தபின் அவளே மழையை அளப்பது இதுதான் முதல் தடவை.

"எவ்வளவும்மா?" ஆபீஸ் வாசல் பெருக்கும் காளியம்மாள் துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இருபத்தோரு சென்டிமீட்டர்."

"அது நெறையவாம்மா?"

"ஊரே முங்குற அளவு, காளியம்மா."

"அப்ப மேல சொல்லிருங்க."

கமருன்னிஸா போனைக் கையில் எடுத்தாள். பயம் பாதி, சந்தோஷம் பாதி. பரீட்சைக்குப் படித்த நாளிலிருந்தே அவளுக்கு இந்த அரசாங்க அடுக்கின் மேல் ஒரு மயக்கம். கிராமம், அதற்கு மேல் பிர்கா, வட்டம், கோட்டம், மாவட்டம். வி.ஏ.ஓ. என்ன செய்வார், தாசில்தார் என்ன செய்வார், பி.டி.ஓ. எதைக் கவனிப்பார் என்று அவளுக்கு மனப்பாடம். கீழே ஒரு துளி விழுந்தால் கலெக்டர் மேஜை வரை தெரிந்துவிடும் என்று மனதார நம்பினாள். அதை நேற்றுக்கூட டீ குடிக்கும்போது காளியம்மாளிடம் ஒப்பித்திருந்தாள். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

தாசில்தார் உலகநாதனுக்குப் போன் போட்டாள்.

"சார், வாளமங்கலம் இருநூத்திப் பத்து மில்லிமீட்டர்."

மறுமுனையில் கொட்டாவி பாதியில் நின்றது. "ஏம்மா, நல்லாப் பாத்தீங்களா?"

"நானே அளந்தேன் சார்."

அந்தப் பதில் அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. வெயில் வரும்வரை.

வெயிலோடு சேர்ந்து வி.ஏ.ஓ. சபரிநாதனும் வந்தார். பைக்கில் வந்தவர் தலையிலிருந்த புழுதியைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"மேடம், நம்ம ஊர்ல வெள்ளமாம். டிவில ஓடுது. எங்க மேடம்?"

அவள் மறுபடி தாசில்தாரை அழைத்தாள். "சார், மழைமானியில ஏதோ கோளாறுன்னு நெனைக்கிறேன்..."

"இப்ப வந்து சொல்றீங்களே. தாலுகா முழுக்க ஸ்கூல் லீவு விட்டாச்சு. விட்ட லீவைத் திருப்பி வாங்க முடியுமா? புள்ளைங்க நம்மள ஊருக்குள்ள விடுமா?"

"ஆனா சார், இங்க தரையே காய்ஞ்சு..."

"மழைக்கு வரப்பு இருக்காம்மா? ஒங்க ஊர்ல மட்டும் பேஞ்சிருக்கு, அவ்வளவுதான். ஒங்க தகுதிகாண் பருவ ரிப்போர்ட் என் கையெழுத்துக்குத்தான் காத்துக்கிட்டிருக்கு. ஞாபகம் வச்சுக்குங்க."

அவளுக்கு அது மறக்கவே இல்லை. கையெழுத்து விழுந்தால் வேலை நிரந்தரம். விழாவிட்டால் மறுபடி வாப்பாவின் ஜவுளிக்கடையில் பில் போட வேண்டியதுதான். சின்ன வயதில் கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டு, சொல்வதற்கு நல்ல நேரம் வரட்டும் என்று காத்திருப்பாள். அந்த நேரம் ஒருநாளும் வந்ததில்லை. இன்றும் போனை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

வந்தது பி.டி.ஓ.வின் போன். ஸ்கூலில் நிவாரண முகாம் திறந்தாகிவிட்டதாம். அண்டா அடுப்பில் ஏறியாகிவிட்டதாம். ஆளைத்தான் காணோமாம்.

"முகாம் காலியா இருந்தா நம்ம கதை கந்தல் மேடம்," என்றார் சபரிநாதன். "நான் பாத்துக்குறேன்."

அவர் தெருத்தெருவாகப் போய் சாம்பார் சாதம், முட்டை என்று இரண்டே விஷயம்தான் சொன்னார். ஊர் திரண்டுவிட்டது. பக்கத்து ஊர்க்காரர்களும் தட்டோடு வந்தார்கள். பி.டி.ஓ. தலையை எண்ணி மேலே அனுப்பினார். எண்ணிக்கையைப் பார்த்து மேலே ஆடிப்போனார்கள். உடனே தீயணைப்பு வண்டி ரப்பர் படகோடு கிளம்பியது. சுகாதாரத்துறை பிளீச்சிங் பவுடரோடு வந்தது. நெடுஞ்சாலைத்துறை மணல் மூட்டையோடு வந்தது. மின்வாரியம் வெள்ளத்தை உத்தேசித்துக் கரண்ட்டை நிறுத்தியது. மூட்டை இறக்கியவர்கள் வியர்வை பெருக நிழல் தேடினார்கள்.

லைஃப் ஜாக்கெட் போட்ட தீயணைப்பு அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். "தண்ணி எங்கங்க?"

கமருன்னிஸா வாயைத் திறந்தாள். சபரிநாதன் முந்திக்கொண்டார். "வடிஞ்சிருச்சு சார்."

"இருபத்தோரு சென்டி அதுக்குள்ள வடிஞ்சிருச்சா? எந்த வாய்க்கால்ல?"

பின்னால் நின்ற பொதுப்பணித்துறை இன்ஜினீயர் ரெத்தினம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். "எங்க வாய்க்கால்தான் சார். நாங்க நல்லாப் பராமரிக்கிறோம்."

கமருன்னிஸா அவரை வியப்போடு பார்த்தாள். பொய் சொல்வதில் தான் தனியாள் இல்லை என்ற அற்ப ஆறுதலும் அதில் இருந்தது.

அப்போது தாசில்தார் ஜீப்பிலிருந்து குதிக்காத குறையாக இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"கலெக்டர் மேடம் வந்துக்கிட்டிருக்காங்க. எங்கயாச்சும் தண்ணி நிக்கணும். ஒரு போட்டோவுக்காச்சும் நிக்கணும்."

"குளம் இருக்கு சார்," என்றாள் கமருன்னிஸா.

"குளத்துல தண்ணி நிக்கிறது வெள்ளமாம்மா?"

சபரிநாதன் தலையைச் சொறிந்தார். "கீழத்தெருவுல நிக்கும் சார். அங்க தூறல் போட்டாலே முழங்கால் தண்ணி. நம்ம காளியம்மா வீடு அங்கதான். மனு நாள் தவறாம மனு குடுக்குமே, அந்தத் தெரு."

கமருன்னிஸாவுக்குச் சுருக்கென்றது. அந்த மனுக்களைப் பார்த்து, இது வருவாய்த்துறை வேலை இல்லை என்று பொறுமையாக விளக்கியவள் அவள்தான். முகாமில் முட்டை பரிமாறிக்கொண்டிருந்த காளியம்மாள் கரண்டியை வைத்துவிட்டு, "வாங்க, நானே வழி காட்டுறேன்," என்று முன்னால் நடந்தாள்.

கீழத்தெருவில் தண்ணீர் அப்படியே நின்றது. பச்சைப் பாசி படிந்த தண்ணீர். வாசல்தோறும் செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை. தெருமுனையில் வடிகால் வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை, ஊதாப் பூவோடு. வந்து சேர்ந்த கலெக்டர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். கூட வந்தவர்களும் வேறு வழியில்லாமல் இறங்கினார்கள்.

"இது யாரோட வாய்க்கால்?"

ஊராட்சித் தலைவர் பி.டி.ஓ.வைப் பார்த்தார். பி.டி.ஓ. இன்ஜினீயரைப் பார்த்தார். இன்ஜினீயர் வானத்தைப் பார்த்தார். கடிதத்தில் இந்தப் பார்வை ஒரு சுற்று வர வருஷக்கணக்காகும். இன்று எல்லோரும் ஒரே சாக்கடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

தீயணைப்பு அதிகாரி வெள்ளை மனசுக்காரர். "நாங்க வந்தப்பவே இன்ஜினீயர் சொன்னாரே மேடம், இவங்க வாய்க்கால்தானாம். நல்லாப் பராமரிக்கிறாங்களாம்."

அடுத்து நடந்ததெல்லாம் ஓட்டம்தான். ஜே.சி.பி. வந்தது. சாம்பார் சாதம் சாப்பிட்ட ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. ஆகாயத்தாமரை குவியல் குவியலாகக் கரையேறியது. சாயங்காலம் தெருத் தண்ணீர் சலசலவென்று வாய்க்காலுக்கு ஓடியபோது பெண்கள் பலகைகளைத் தூக்கி அடுப்புக்கு எடுத்துப் போனார்கள்.

கலெக்டர் கார் பக்கத்தில் போய் நின்றாள் கமருன்னிஸா. இப்போது சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

"மேடம், அந்த மழையளவு..."

"நீங்கதான் அளந்தீங்களா? நல்ல வேளை. இல்லேன்னா இந்தத் தெரு என் கண்ணுல பட்டே இருக்காது." கலெக்டர் தாசில்தார் பக்கம் திரும்பினார். "இவங்க ரிப்போர்ட்டை நாளைக்கே அனுப்பிருங்க."

தாசில்தார் கமருன்னிஸாவைப் பார்த்து இருமினார். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். உள்ளே இருப்பது வெட்கமா மகிழ்ச்சியா என்று பிரித்துப் பார்க்க முயன்று தோற்றாள்.

எல்லா வண்டிகளும் போனபின் ஆபீஸ் வாசலில் அவள் மட்டும் இருந்தாள். மழைமானியைக் கழற்றி, புனலைத் தடவிப் பார்த்து, உள்பாத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டை இல்லை. விரிசல் இல்லை. நல்ல மழைமானி.

காளியம்மாள் இடுப்பில் குடத்தோடு வந்தாள். சேலைக்கரை நனையாமல் அவளை அன்றுதான் பார்த்தாள் கமருன்னிஸா.

"இதுக்குள்ள எப்படித்தான் அவ்வளவு தண்ணி வந்துச்சுன்னு வெளங்கலை, காளியம்மா."

காளியம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள். தெருவில் யாரும் வருகிறார்களா என்று பார்த்தாள். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வாய்க்கா வேலை முடிஞ்சிருச்சும்மா. எங்க தெருவுல லைட்டும் ரொம்ப வருஷமா எரியலை. அதுக்கு எதுல ஊத்தணும்?"