பம்ப் சாவியும் நவமிச் சுண்டலும்

துர்கா பூஜை நவமி. பிற்பகல் மணி ஒன்று பத்து. ஆஸ்பத்திரி வாசலில் நான் முதலில் பார்த்தது ஒரு செருப்பு. அது எமர்ஜென்சிக்குள் மிதந்து போய்க்கொண்டிருந்தது. அடுத்துப் பார்த்தது சான்யால் பாபுவை. கால்களை ஒரு ஸ்டூல் மேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

சான்யால் பாபு அரசு அதிகாரி. புயலையும் வெள்ளத்தையும் தாங்கும்படி, மின்சாரத்தையும் குறைவாகச் செலவழிக்கும்படி ஆஸ்பத்திரிகளை மாற்றியமைக்க அரசு நிதி தருகிறது. வங்காள நகரப் பேட்டையான டாக்குரியாவில் ஓர் அறக்கட்டளை நடத்தும் எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கும் கிடைத்தது. முதல் தவணையில் மாடியில் சோலார் தகடுகளும் பேஸ்மென்ட்டில் வெள்ளநீர் பம்ப்பும் வந்துவிட்டன. அதே பேஸ்மென்ட்டில் இருக்கும் ஜெனரேட்டரையும் எக்ஸ்ரே மெஷினையும் மேலே ஏற்ற இரண்டாவது தவணை வர வேண்டும். பம்ப் ஓடுவதைச் சான்யால் பாபு கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வரும். பூஜை விடுமுறை முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தார். இலிஷ் மீனின் முள் தொண்டையில் சிக்கியதால் முன்கூட்டியே வந்துவிட்டார்.

வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு. விடியற்காலையிலிருந்து மழை. தெருவில் முழங்கால் ஆழம். பேஸ்மென்ட் படிகளில் தண்ணீர் அருவி மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்காகவே வாங்கிய பம்ப் மௌனமாக இருந்தது.

சான்யால் பாபுவும் மௌனமாகத்தான் இருந்தார். பேச முடியாது. பேஸ்மென்ட் பக்கம் கையைக் காட்டி, ஒரு விரலை விசிறி போலச் சுழற்றினார். பம்ப் ஏன் ஓடவில்லை என்று அதற்கு அர்த்தம்.

படிகளின் தலைமாட்டில் சுவரில் பொருத்தியிருந்த பம்ப்பின் ஸ்விட்ச் பெட்டி சந்தனம், குங்குமத்தோடு மங்களகரமாக இருந்தது. பூட்டியிருந்தது.

"சாவி உங்ககிட்டதானே, சுந்தரம்-தா?" என்றார் ஷிப்ரா-தி. எமர்ஜென்சியின் தலைமை நர்ஸ். இந்த ஊரில் 'தா' என்றால் அண்ணன், 'தி' என்றால் அக்கா. (அவர் வங்காள மொழியில் கேட்டதைத் தமிழில் எழுதினால் காரம் பாதி குறைந்துவிடுகிறது.)

"ஆமாம். வீட்டில இருக்கு."

"வீட்டில எங்கே?"

"பூஜையில."

"விஸ்வகர்மா பூஜைக்குத்தான் மாலை போட்டு மிட்டாய் குடுத்தோமே! ஒரு பம்ப்புக்கு எத்தனை பூஜை?"

"அது உங்க பூஜை. இது எங்க பூஜை."

எங்கள் வீட்டில் நவமியன்று அவரவர் தொழில் செய்யும் பொருளை சரஸ்வதியின் முன் வைக்க வேண்டும். வைத்ததை மறுநாள் விஜயதசமியில் புனர்பூஜை முடியும்வரை தொடக் கூடாது. (கணக்குப் புத்தகத்தை வைத்துவிட்டு விளையாடப் போவதற்கு இதைவிட நல்ல சட்டம் கிடையாது.) பத்திரிகையில் பிறர் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில் பேனாவை வைத்தேன். ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி ஆனபின் எதை வைப்பது என்ற குழப்பம் வந்தது. என் பொறுப்பில் இருந்தவற்றுள் பெருமைக்குரியது பம்ப். அதைத் தூக்கி வர முடியாது. சாவியை எடுத்து வந்தேன். இன்ஸ்பெக்‌ஷன் வரை புதுசாகவே இருக்கட்டும் என்று மெயினை அணைத்துப் பெட்டியைப் பூட்டியதும் நான்தான். மாற்றுச் சாவி கம்பெனி இன்ஜினீயரிடம் இருந்தது. அவர் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தார்.

ஷிப்ரா-தி எங்கிருந்தோ ஒரு சுத்தியலைக் கொண்டுவந்தார். சான்யால் பாபு பதறிப்போய் ஒரு மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக் காட்டினார்: "அரசுச் சொத்து." அடியில் இரண்டு கோடு வேறு.

வீட்டுக்கு நடந்தேன். சில இடங்களில் நடந்தேன் என்பது மிகை.

அம்மா கூடத்தில் நின்று என்னையும், என்னிடமிருந்து தரையில் பரவிய டாக்குரியாவையும் பார்த்தாள்.

"சாவி வேணும்மா."

"பூஜையில வெச்சதை எடுக்கப்படாது. உனக்குத் தெரியாதா?"

"ஆஸ்பத்திரிக்குள்ள தண்ணி வந்துடுத்து. எக்ஸ்ரே மெஷின் முழுகிடும். பணம் குடுக்கற ஆபீசர் அங்கேயே உட்கார்ந்து பார்த்துண்டிருக்கார்."

"இந்த மழையில இன்ஸ்பெக்‌ஷனா?"

"இல்லை. தொண்டையில மீன் முள்."

"நவமியும் அதுவுமா?" என்றாள் அம்மா. வெள்ளத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது போன்ற முகம்.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சரி, ஆபத்துக்குப் பாவமில்லை. புனர்பூஜையை இப்பவே பண்ணிடறேன். ஆனா நைவேத்யம் இல்லாம முடியாது. சுண்டல் குக்கர்ல இருக்கு. வேகட்டும்."

"வாழைப்பழம் காட்டினா ஆகாதா?"

"பழம் காத்தாலயே ஆச்சு. கொண்டைக்கடலை பெரிசுடா, அவசரப்படுத்தாதே."

ஆக, ஓர் ஆஸ்பத்திரியின் பேரிடர் தாங்கும் திறன் எங்கள் வீட்டுப் பழைய குக்கரின் கையில் இருந்தது. ஈரப் பேன்ட்டோடு நின்றபடி ஒவ்வொரு விசிலையும் கேட்டேன். நடுவில் அம்மா திறந்து ஒரு கடலையை நசுக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். பத்திரிகையில் எத்தனையோ பேரின் அலட்சியத்துக்குத் தலைப்பு வைத்திருக்கிறேன். என்னுடையதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

கிளம்பும்போது ஒரு கையில் சாவி, மறு கையில் தூக்கு நிறையச் சுண்டல். "வெறுங்கையோட போகாதே" என்று திணித்துவிட்டாள்.

திரும்பியபோது டாக்டர் முள்ளை எடுத்திருந்தார். வார்டு ஊழியர்கள் பேஸ்மென்ட் படிகளில் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரை மேலே கடத்திக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்ரே மெஷினின் கால்கள் நனைந்திருந்தன. நான் பெட்டியைத் திறந்து மெயினைப் போட்டேன். பம்ப் உடனே ஓடியது. அவ்வளவு தண்ணீரை அவ்வளவு வேகமாக அது வெளியேற்றும் என்று விற்றவர்களே சொல்லவில்லை. குழாயின் வாய் பக்கத்துச் சந்துப் பக்கம் திரும்பியிருந்தது. சந்தில் சான்யால் பாபுவின் கார் நின்றது. அதன் ஒரு பக்கக் கண்ணாடி இறங்கியிருந்தது.

சான்யால் பாபு எமர்ஜென்சி ஜன்னல் வழியாக அதைக் கடைசிவரை பார்த்தார். பிறகு, கரகரத்த குரலில், அன்று முதல் தடவையாகப் பேசினார்.

"அந்தத் தூக்கில் என்ன?"

"பிரசாதம்."

"இதற்காகத்தான் தாமதமா?"

"ஆமாம்."

ஒன்றை எடுத்து, பயந்து பயந்து மென்று விழுங்கினார். "நன்றாக வெந்திருக்கிறது" என்றார். ஷிப்ரா-தி சுத்தியலைத் திரும்ப வைக்கப் போனார்.

இரண்டாவது தவணை வந்தது. ஒரு நிபந்தனையோடு: அவசரகாலக் கருவிகளின் சாவிகளை எக்காரணம் கொண்டும் ஆஸ்பத்திரி வளாகத்தை விட்டு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. இந்த வரி இப்போது நிதி பெறும் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் போகிறது. ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் உறவில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கல்யாணத்தில் பந்தி தாமதமானாலும் யாராவது ஒருவர் என்னைப் பார்த்து, "என்ன சுந்தரம், சுண்டல் இன்னும் வேகலையா?" என்கிறார்.

ஜெனரேட்டரும் எக்ஸ்ரே மெஷினும் மேலே போய்விட்டன. பம்ப்புக்குச் சாவி இல்லாத புதுப் பெட்டி வைத்தார்கள். பழைய பெட்டியை அகற்றியபோது, அதன் சாவி உங்களுக்குத்தான் என்று ஷிப்ரா-தி என்னிடம் கொடுத்தார்.

அம்மா ஒவ்வொரு நவமிக்கும் அதற்குச் சந்தனம் வைக்கிறாள்.