அரியலூர் முழுசும் பார்த்த படம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஜனங்கள் என்ன தின்கிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், எவ்வளவு சீமெண்ணெய் எரிக்கிறார்கள் என்பதையெல்லாம் சர்க்கார் கண்ணும் கருத்துமாகக் கவனித்து வந்தது. என்ன பேசுகிறார்கள் என்பதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று மேலிடத்தில் யாருக்கோ ஒருநாள் தோன்றியிருக்கிறது. அதன் பலனாக அரியலூரில் பேச்சு ஒழுங்கு ஆபீஸ் என்று ஒன்று திறக்கப்பட்டது.

ஒரு வாடகை வீடு, ஒரு மேஜை, சக்கரவர்த்தியின் படம், நல்லதம்பி என்ற பியூன். இவற்றுக்கெல்லாம் தலைவராக வந்தவர் பெயர் ராசாங்கம். பெயர் அப்படி அமைந்துவிட்டதால், தான் வேறு சர்க்கார் வேறு என்ற எண்ணம் சிறு வயதிலிருந்தே அவருக்குக் கிடையாது. அவருக்கு ஜலதோஷம் பிடித்தால் சாம்ராஜ்யத்துக்கே பிடித்ததாக வருத்தப்படுவார்.

ஆனால் அரியலூர் ஜனங்கள் அவரைக் கைவிட்டார்கள். ஒழுங்கு தவறி ஒருவரும் பேசவில்லை. நல்லதம்பி தினமும் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வந்து கேட்டதை ஒப்பிப்பான்.

"கடலை விலை இறங்கிடுச்சுங்க. மழைய காணோமுங்க. மண்டிக்காரர் மருமகளுக்கு மசக்கைங்க."

"வேற?"

"வாந்தியும் இருக்குதாமுங்க."

இதை வைத்துக்கொண்டு திருச்சிக்கு என்ன ரிப்போர்ட் எழுதுவது? அங்கிருந்தோ, வேலை இல்லாத ஆபீஸை மூடிவிடுவோம் என்று எச்சரிக்கை வந்துவிட்டது. மூடினால் ராசாங்கம் பழையபடி நகல் எழுதும் குமாஸ்தா. மாமனார் வீட்டில் அவரை 'ஆபீசர்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அவருக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அவருக்கு இளையபெருமாள் கிடைத்தான்.

இளையபெருமாள் கடலை மண்டியில் கணக்கப்பிள்ளை. அவன் மனைவி உண்ணாமலை, பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படிப்பவள். இவர்களுக்கு லூர்துராஜ் என்று ஒரு சிநேகிதர். ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஆள், உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கொட்டகையில் எந்தப் படம் வந்தாலும் மூவரும் சேர்ந்தே போவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இளையபெருமாள் வீட்டில் உட்கார்ந்து, ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அது எந்தப் படத்தில் எப்படி வருகிறது, எந்தப் புஸ்தகத்தில் எப்படி வருகிறது என்று பேசுவார்கள். ஒரு வாரம் இரட்டைப் பிள்ளைகள். ஒரு வாரம் கொடுமைக்கார மாமியார். பேச்சு என்றால் தெருவே கேட்கும் பேச்சு.

அந்த வாரத்து விஷயம், சிறையிலிருந்து தப்பித்தல். நல்லதம்பி அந்தப் பக்கமாக வந்தபோது உண்ணாமலை சொல்லிக்கொண்டிருந்தாள்: "மதில் ஏறி குதிக்கறதெல்லாம் ஆவாத வேலைண்ணே. காவக்காரனுக்குப் பால்ல மயக்க மருந்து கலந்து குடுத்துட்டா, வாசல் வழியாவே வந்துடலாம்."

நல்லதம்பி வாங்கியிருந்த வெற்றிலையைக்கூடக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

மறுநாள் மூவரும் ஆபீசில் நின்றார்கள்.

"மயக்க மருந்து குடுக்கணும்னு சொன்னது யாரு?" என்றார் ராசாங்கம்.

"நான்தாங்க," என்றாள் உண்ணாமலை.

"எந்தக் காவல்காரனுக்கு?"

"பேரு சொல்லலீங்க. பெரிய மீசை வச்சிருந்தான்."

"இப்ப எங்க இருக்கான்?"

"படப் பெட்டியோட பெரம்பலூர் போயிட்டானுங்க."

"ஆக, முக்கியமான சாட்சி ஊரை விட்டுப் போயாச்சு."

லூர்துராஜ் முன்னால் வந்தார். "சார், அது சினிமா. இன்னொண்ணு நாவல். நாவல்ல புடவை கட்டிக்கிட்டுத் தப்பிக்கிறான். ரெண்டையும் ஒப்பிட்டுப் பேசிக்கிட்டிருந்தோம்."

"ரெண்டுலயும் தப்பிக்கிறானா?"

"ஆமாங்க. அதுதான் ரெண்டுக்கும் பொது."

ராசாங்கத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. "நாவல் எழுதின ஆள் எந்த ஊரு?"

"கும்பகோணம் பக்கம்னு கேள்வி."

"படம் எடுத்தவன்?"

"கோயமுத்தூர்க்காரர்ங்கறாங்க."

"ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்திருக்காங்களா?"

"இருக்காதுங்க."

"பார்க்கலை. பேசலை. ஆனா ஒரே யோசனை ரெண்டு பேருக்கும் வந்திருக்கு. வாத்தியாரே, சதின்னா என்னான்னு நினைச்சீங்க? பல பேரு பல ஊருல இருந்துகிட்டு ஒரே விஷயத்தை நினைக்கிறதுக்குப் பேருதான் சதி. அதைக் கண்டுபிடிச்சு ஒண்ணா கோத்துக் குடுக்கறது நீங்க மூணு பேரு."

"அப்படிப் பார்த்தா பசிகூட சதிதானுங்களே?"

ராசாங்கம் அதையும் குறித்துக்கொண்டார்.

அன்றைக்கே மூவரையும் உள்ளே தள்ளியிருக்கலாம். ஆனால் தள்ளிவிட்டால் ஒரு ரிப்போர்ட்டோடு விவகாரம் முடிந்துவிடும்; வெளியே விட்டு ஒழுங்குபடுத்தினால் வாரம் ஒரு ரிப்போர்ட் எழுதலாம். எனவே உத்தரவு பிறந்தது. 'மேற்படி நபர்கள் மேற்படி ஞாயிற்றுக்கிழமைகளில், மேற்படி ஆபீஸ் அங்கீகரிக்கும் விஷயத்தைப் பற்றி மட்டும், மேற்படி ஆபீசர் முன்னிலையில் ரசிக்க அனுமதிக்கப்படுகிறார்கள். ரசனை மிதமாக இருக்க வேண்டியது.'

முதல் விஷயத்தையும் அவரே கொடுத்தார். அதிக விளைச்சல். தானியம் பெருக்குங்கள் என்று சர்க்கார் தண்டோரா போட்டுக்கொண்டிருந்த நேரம். "நல்ல விஷயமா ரசிங்க. தவறினா வாத்தியார் சங்கதியைப் பள்ளிக்கூடத்துக்கு எழுத வேண்டியிருக்கும்."

வெளியே வந்ததும் லூர்துராஜ் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "அதிக விளைச்சல்னு ஒரு படம் எந்த ஊர்ல எடுத்திருக்கான்? வேலை போச்சுன்னா ஊருக்குப் போயி அண்ணன் வூட்டு எருமையத்தான் மேய்க்கணும்."

"படம் இல்லைன்னா என்னண்ணே?" என்றாள் உண்ணாமலை. "அவரு மட்டும் பார்த்திருக்கப்போறாரா?"

ஞாயிற்றுக்கிழமை ராசாங்கம் நாற்காலியைப் பியூன் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். உண்ணாமலை தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"படம் பேரு களத்துமேட்டு காந்திமதிங்க."

ராசாங்கம் துள்ளி எழுந்தார். "காந்தி...?"

"மதி சார், மதி!" என்று மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"பேருல முன்பாதியை விட்டுடுங்க. களத்துமேட்டு மதி. அது போதும்."

மதி ஒரு குடியானவன் மகள். அப்பாவைக் காணவில்லை. நிலத்தில் இரட்டிப்பு விளையும்வரை கழுத்தில் தாலி ஏறாது என்று சபதம் செய்கிறாள். அவள்மேல் ஆசைப்பட்ட ஜமீன்தார் மகன் வண்டி வண்டியாக எரு அடிக்கிறான். வெட்டுக்கிளி வருகிறது. மதி பாட்டுப் பாடியே அதை விரட்டுகிறாள். கடைசியில் களத்து நெல்லை அள்ள அள்ள, குவியலுக்கு அடியிலிருந்து காணாமல் போன அப்பா எழுந்து வருகிறார்.

"அங்க எப்படி போனாரு?" என்றார் ராசாங்கம். கண்கள் கலங்கியிருந்தன.

"விளைச்சல் ஜாஸ்தியாப் போயி மேல சரிஞ்சிடுச்சுங்க."

"ஆகா! அதுதான் அதிக விளைச்சல்!"

லூர்துராஜுக்கும் தைரியம் வந்து, 'எருவில் மலர்ந்த காதல்' என்று ஒரு நாவலை அங்கேயே உண்டாக்கி ஒப்பிட்டுப் பேசினார். ஆனால் அதை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோரும் மதியிடமே மனசைப் பறிகொடுத்திருந்தார்கள். இளையபெருமாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

ராசாங்கம் ரிப்போர்ட் எழுதினார். பேசினவர்கள் சொன்னதாக எழுதினால் படத்துக்குத்தான் பெருமை, ஆபீசுக்கு என்ன பெருமை? ஆகவே, 'நானே மூன்று முறை பார்த்து, ஒவ்வொரு முறையும் பயனடைந்தேன்' என்று எழுதினார்.

நல்லதம்பி அதைக் கடைத்தெருவில் ஒப்பித்தான். ஆபீசரே மூன்று முறை பார்த்த படத்தைத் தான் ஒருமுறையாவது பார்க்காமல் எப்படி இருப்பது என்று மண்டிக்காரர் நினைத்தார். திருச்சியில் ராத்திரி தங்கினபோது பார்த்ததாக மறுநாளே மண்டியில் சொன்னார். வக்கீல் முதல் நாளே பார்த்துவிட்டாராம். சிறுவாச்சூர்க்காரர்கள் பெரம்பலூர்க் கொட்டகையில் பார்த்தோம் என்றார்கள். பெரம்பலூர்க்காரர்கள் அரியலூரில் பார்த்தோம் என்றார்கள். ஜவுளிக்கடையில் பழைய சரக்கெல்லாம் மதி புடவை என்ற பெயரில் விலை ஏறிப் போயிற்று. பெண்கள் காதுக்கு மேலே ஒரு முடிச்சுப் போட்டு அதை மதி கொண்டை என்றார்கள். மூன்றாவது பாட்டுதான் எல்லாவற்றிலும் உசத்தி என்று ஊரில் அபிப்பிராயம் உண்டாகி, இரண்டாவது பாட்டுக் கட்சிக்கும் மூன்றாவது பாட்டுக் கட்சிக்கும் காபி கிளப்பில் கைகலப்பு நடந்தது. பார்க்கவில்லை என்று சொல்ல ஊரில் ஓர் ஆள் இல்லை.

அப்போதுதான் திருச்சிப் பெரிய ஆபீசர் பார்வையிட வருவதாகத் தந்தி வந்தது. அரியலூரிலேயே அந்தப் படத்தைப் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்யும்படி உத்தரவு. ராசாங்கம் சாவகாசமாக மூவரையும் அழைத்துச் சொன்னார்: "படப் பெட்டி எங்க கிடைக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். கொண்டு வந்து சேர்த்துடுங்க."

லூர்துராஜ் சாப்பாட்டை விட்டுவிட்டார். சட்டை போட மறந்து, பள்ளிக்கூடத்துக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு போனார். அவரைப் பார்க்கப் பார்க்க உண்ணாமலைக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, நானே போயி உண்மையைச் சொல்லிடறேன். தண்டனை எனக்கு வரட்டும். அண்ணன் வேலையாவது மிஞ்சும்."

"ரெண்டு பேருமா போவோம்," என்றான் இளையபெருமாள்.

ஆபீஸ் வாசலில் தோரணம் கட்டியிருந்தார்கள். பெரிய ஆபீசர் நடுவில். மண்டிக்காரர், அவர் மனைவி, வக்கீல் எல்லாரும் சுற்றிலும். உண்ணாமலை கும்பிட்டாள். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாள்.

"ஐயா, அப்படி ஒரு படமே கிடையாதுங்க. நான் அடுப்படியில உக்காந்துகிட்டு கட்டி விட்ட கதைங்க."

ராசாங்கம் சக்கரவர்த்தியின் படத்தைப் பார்த்தார். மண்டிக்காரர் ராசாங்கத்தைப் பார்த்தார். மண்டிக்காரரின் மனைவி, கணவரைப் பார்த்த பார்வையில் திருச்சிப் பிரயாணம் முழுவதும் எரிந்துகொண்டிருந்தது.

பெரிய ஆபீசர் மட்டும் அசையவில்லை. திருச்சிக் கிளப்பில் அவரும் ஒருநாள் இந்தப் படத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். கேட்டவர்களில் அவருக்கும் மேலானவர்கள் இருந்தார்கள்.

"அம்மா, நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். கடைசிக் காட்சி சுமார்தான். இல்லாத படத்துக்குக் கடைசிக் காட்சி எப்படி சுமாரா இருக்க முடியும்?"

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. "முடியாதுங்க!" என்று ஒரே குரலாகச் சொன்னது.

"மூணாவது பாட்டு?" என்று மண்டிக்காரர் தாவினார். "இல்லாத படத்துக்கா மூணாவது பாட்டு இருக்கும்?"

"ரெண்டாவது பாட்டு," என்றார் வக்கீல்.

"சத்தியமாச் சொல்றேன், நாங்க அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லீங்க," என்றாள் உண்ணாமலை.

"அதுதான் குற்றம்," என்றார் பெரிய ஆபீசர். "ஊரே பார்த்த படத்தைப் பார்க்காம, பார்த்ததாகச் சொல்லி சர்க்காரை ஏமாத்தியிருக்கீங்க. மூணு பேரும் அடுத்த அறுப்புக்குள்ள சொந்தச் செலவுல படத்தைப் பார்த்து ருசுப்படுத்தணும். தவறினா ஜெயில்."

அதன்பின் ஒருவருக்கும் படத்தை அன்றைக்கே போட்டுப் பார்க்கும் விருப்பம் இல்லாததால், பூமாலை போட்டு அவரை ரயில் ஏற்றினார்கள்.

மூவரும் ஜெயிலுக்கு மனசைத் தயார் செய்துகொண்டார்கள். பாலும் மயக்க மருந்தும் நிஜத்தில் எவ்வளவு தூரம் உதவும் என்று இளையபெருமாள் மெதுவாகக் கேட்டுக்கூட வைத்தான். ஆனால் திருச்சி ரிப்போர்ட் மதராஸ் போய்விட்டது. யுத்தத்தால் பிலிம் சுருளுக்குக் கட்டுப்பாடு. சுருள் கேட்டு நடையாய் நடந்த ஒரு பட முதலாளியிடம், 'களத்துமேட்டு மதி போலப் படம் எடுத்தால் தரலாம்' என்றார்கள் மதராஸ் அதிகாரிகள். "அதுவே என் படம்தானே! ஓடி ஓடிக் கிழிந்துவிட்டது. சுருள் கொடுத்தால் மறுபடி எடுக்கிறேன்," என்றார் அவர். கொடுத்தார்கள். எடுத்தார்.

அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால் படம் அரியலூர்க் கொட்டகைக்கு வந்தது. ஊரே போயிற்று. மூவரும் தரை டிக்கெட் வாங்கி முன்னால் உட்கார்ந்தார்கள். மதி வந்தாள், சபதம் செய்தாள், வெட்டுக்கிளியும் வந்தது. சுருள் போதாமையால் அப்பா மட்டும் வரவில்லை.

படம் விட்டதும் கொட்டகை வாசலில் ராசாங்கம் காத்திருந்தார்.

"பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சுங்க."

"எப்படி?"

வெளியே வந்த ஜனம் முழுவதும் அங்கேயே நின்றுவிட்டது. உண்ணாமலை எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள்.

"பழைய படத்துக்குப் பக்கத்துல நிக்க முடியாதுங்க."

"அப்படிச் சொல்லு தாயி!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. ராசாங்கம் அவள் கையையே பிடித்துக் குலுக்கிவிட்டார். இரண்டாவது பாட்டுக் கட்சிக்காரர்கள் லூர்துராஜுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

தண்டனை நீங்கியது. மூவரும் சந்தோஷமாக வீட்டைப் பார்த்து நடந்தார்கள். பாதி வழியில் இளையபெருமாள் நின்றுவிட்டான்.

"நெல்லுக்குள்ளேருந்து அப்பா எழுந்து வர்றதை எடுக்காமலே விட்டுட்டானுவளே, பாவிங்க. பழைய படத்துல அந்த ஆளு எப்படி நடிச்சிருந்தாரு!"

"உடம்பெல்லாம் பதரு ஒட்டிக்கிட்டு வருவாரே," என்றார் லூர்துராஜ். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உண்ணாமலை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"அதை விடுங்க. அந்த அப்பா வேஷத்துக்காரரு இப்ப உயிரோட இல்லையாமே?"