பவளத்துக்குக் கால் சரியான கதை

ஒரு காட்டில், காடு என்றால் முக்கால்வாசி கருவேலம் புதரும் நடுவில் ஓர் ஏரியும்தான், ஓட்டக் கழகம் ஒன்று இருந்தது. காட்டில் எல்லாரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதானே இருக்கிறார்கள், அதற்கு எதற்குக் கழகம் என்று கேட்காதீர்கள். துரத்தினால் ஓடுவது பிழைப்பு. பனியன் போட்டுக்கொண்டு ஓடுவது உடற்பயிற்சி. இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

கழகத்தில் முதல் ஆள் பவளம் என்கிற வெளிமான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையை மூன்று சுற்று முடித்துவிட்டு, மற்றவர்கள் முதல் சுற்றில் மூச்சு வாங்கும்போது அவள் டீயை ஆற்றிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அடுத்தது வேதமுத்து என்கிற முயல். அடுத்தது என்றால் ரொம்பத் தள்ளி அடுத்தது. அதில் அவனுக்கு வருத்தமே கிடையாது. அக்கா, அக்கா என்று அவள் வாலைப் பார்த்துக்கொண்டே ஓடிப் பழகிவிட்டான்.

அப்படியிருக்கையில், கேபிள் பதிக்கிறோம் என்று யாரோ தோண்டி, மூடாமல் போன குழியில் பவளத்தின் வலது பின்னங்கால் இறங்கியது. எலும்பு முறிந்தது. கரடி வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, நடப்பதே சந்தேகம், ஓட்டத்தை மறந்துவிடு என்று சொல்லிவிட்டார். பவளம் மூன்று நாள் புல்லைத் தொடவில்லை. ஓட முடியாத மான் காட்டில் எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் அதற்காக அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டதே என்றுதான் அழுதாள்.

கழகம் சும்மா இருக்குமா? செயலாளர் தணிகாசலம் என்கிற கீரி உடனே கூட்டம் போட்டார். பவளத்துக்குச் சக்கர வண்டி வாங்கித் தர ஐந்து கிலோமீட்டர் நிதி ஓட்டம் நடத்துவது என்று முடிவாயிற்று. அனுமதிக்கு மூன்று படிவம், ஒவ்வொன்றுக்கும் ஆறு நகல். 'நோக்கம்' என்ற கட்டத்தில் 'கால் முறிந்த உறுப்பினருக்கு உதவி' என்று கீரி குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தார். ஓட்டத்தன்று காலை ஆறு முதல் பத்து வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. பேனருக்காகப் பவளத்தைப் படம் எடுத்தார்கள். மூன்று முறை எடுத்தும் முகத்தில் கஷ்டம் போதவில்லை. நான்காம் முறை கட்டைக் கொஞ்சம் இறுக்கிவிட்டு எடுத்தார்கள், நன்றாக வந்தது.

ஓட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பவளத்தின் கால் சரியாகிவிட்டது.

அவளே நம்பவில்லை. காலைத் தரையில் வைத்துப் பார்த்தாள், வலிக்கவில்லை. அழுத்திப் பார்த்தாள், வலிக்கவில்லை. நாலடி நடந்தாள். அப்புறம் யாரைக் கேட்பது, ஓடினாள். கால் இருக்கு, எனக்குக் கால் இருக்கு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கீரியின் வளைக்கு வந்துதான் நின்றாள்.

கீரி பனியன்களை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்ற வேகத்தில் இரண்டு அடுக்கு சரிந்தது. நாலு காலிலும் நிற்கிறவளை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் செத்துப்போய்விட்டது.

"வர்ற வழியில யாராவது பாத்தாங்களாம்மா?" என்று கேட்டார்.

பிறகு அவளை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். முந்நூற்று நாற்பது பேர் பெயர் கொடுத்தாயிற்று. பனியன் அச்சாகிவிட்டது, ஒவ்வொன்றின் முதுகிலும் கட்டுப் போட்ட காலோடு அவள்தான் இருக்கிறாள். நோக்கம் மாறினால் புதிதாகப் படிவம், நாற்பத்தைந்து நாள். எல்லாவற்றுக்கும் மேலே, தலைமை தாங்கச் சிறுத்தையார் தேதி கொடுத்திருக்கிறார். தேதியை மாற்றுங்கள் என்று அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு முழுசாகத் திரும்பி வருகிறவர் யார்?

"நீ குணமானது ரொம்பச் சந்தோஷம்மா. ஆனா கொஞ்சம் அவசரப்பட்டுட்டே."

பன்னிரண்டு நாள் நொண்டினால் போதும் என்றார். பவளம் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டாள். அப்போது பயிற்சி முடித்துவிட்டு வேதமுத்து வந்தான். விஷயம் தெரிந்ததும் அவளைச் சுற்றிச் சுற்றி வந்து குதித்தான். குதித்து முடித்ததும் காது தொங்கிவிட்டது.

"ரெண்டு மாசமா உனக்காக ஓடுறேங்க்கா," என்றான். "யாருக்காகவோ ஓடும்போது மூச்சே வாங்கல. நீ நல்லாயிட்டேன்னா நான் மறுபடி சும்மாதானே ஓடணும்?"

பவளம் அவன் காதைத் தூக்கி நிறுத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. சரி, பன்னிரண்டு நாள்தானே என்று ஒப்புக்கொண்டாள்.

நொண்டுவது லேசு என்று நினைக்கக் கூடாது, அதற்கும் பயிற்சி வேண்டும். வெளியாள் யாராவது வருகிற சத்தம் கேட்டால் பவளத்துக்கு அவசரத்தில் எந்தக் கால் என்று மறந்துபோகும். அது நல்ல கால், இந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று வேதமுத்து பின்னால் வந்து மெதுவாக எடுத்துக் கொடுப்பான். கழகத்தார் முறை வைத்து வந்து அவள் நடையைத் திருத்தினார்கள். கால் முறிந்திருந்தபோதுகூட அவளைப் பார்க்க இத்தனை பேர் வந்ததில்லை.

ஓட்ட நாளும் வந்தது. மேடையில் சக்கர வண்டி, வண்டியில் பவளம், மடிமேல் போர்வை. பக்கத்தில் பொன்னாடை போர்த்திக்கொண்டு சிறுத்தையார். கொடி அசைத்தது அவர் என்பதால் அன்று முந்நூற்று நாற்பது பேரும் ஆயுசில் ஓடாத ஓட்டம் ஓடினார்கள். கூட்டம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனபோது போர்வைக்குள் பவளத்தின் நாலு காலும் தாமாகத் துடித்தன. என்னம்மா, குளிருதா என்று சிறுத்தையார் விசாரித்தார். ஆமாம் ஐயா என்றாள். வேதமுத்து முதலாவதாக வந்தான். மேடையேறிப் பதக்கத்தைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டுவிட்டு, பொங்கல் தீர்ந்துவிடும் என்று வரிசைக்கு ஓடிவிட்டான். வண்டியைக் கொடுப்பதுபோல் சிறுத்தையாரும் வாங்குவதுபோல் பவளமும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். 'கருணையின் மறுபெயர்' என்று எழுதி அந்தப் போட்டோ காடு முழுக்கப் போனில் சுற்றியது. சிறுத்தையார் அதைத் தன் டிபியாகவே வைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது, நாளையிலிருந்து ஓடலாமா என்று பவளம் கீரியைக் கேட்டாள். கீரி தலையைச் சொறிந்துகொண்டு பேனரைக் காட்டினார். கீழே 'முதலாம் ஆண்டு' என்று போட்டிருந்தது. இரண்டாம் ஆண்டு வைப்போமா என்று யாரும் யோசித்துப் போட்டதில்லை. எந்த விழாவுக்குப் பேனர் அடித்தாலும் அச்சுக்கூடத்தில் அவர்களாகவே அப்படிப் போட்டுவிடுவார்கள். போட்டாயிற்று, சிறுத்தையாரும் அடுத்த வருஷத்துக்குத் தேதி குறித்துக்கொண்டார்.

பவளத்துக்கு வந்ததே கோபம். "இது என் காலுங்க. கழகத்தோட கால் இல்ல," என்று சொல்லிவிட்டு, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நாலு காலில் நடந்து போனாள்.

மறுநாள் காலை அவளும் வேதமுத்துவும் ஏரிக்கரையில் ஓடினார்கள். முதல் சுற்றில் அவளுக்கு மூச்சு இரைத்தது, இரண்டாம் சுற்றில் பழைய கால் வந்துவிட்டது. வேதமுத்து பின்னால் அக்கா, அக்கா என்று வந்தான். அத்தனை சந்தோஷமாக அவள் எப்போதும் இருந்ததில்லை. மூன்றாம் சுற்றில் புதரை விலக்கிக்கொண்டு சிறுத்தையார் வந்து வழியில் நின்றார். ஆறு முதல் பத்து வரை என்ற நிபந்தனை நேற்றோடு முடிந்துவிட்டது.

சிறுத்தையார் பவளத்தை உற்றுப் பார்த்தார். ஓடியிருந்தால் தப்பியிருப்பாள், அவரால் அவளைப் பிடிக்க முடியாது. விட்டால் ஏரிக்கரை முழுக்க அவரை இழுத்துக்கொண்டு போய், வேதமுத்துவுக்கும் வழிவிட்டிருப்பாள். அவளுக்கும் அது தெரியும். ஆனால் பின்னங்கால் தானாகவே தரையைவிட்டு மேலே போனது. இந்த முறை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. சரியான கால்தான்.

சிறுத்தையாரின் நகம் உள்ளே போனது. "அட, நீயாம்மா. வண்டி எங்க?"

"சர்வீசுக்கு விட்டிருக்கேன் ஐயா."

"உடம்பைப் பாத்துக்க."

பிறகு வேதமுத்துவைப் பார்த்தார். அந்த முகம் அவருடைய எந்தப் போட்டோவிலும் இல்லை. வேதமுத்து பிரமாதமாக ஓடினான். கரை வளைவுவரை ஓடினான்.

பவளம் நின்ற இடத்திலேயே அழுதாள். சிறுத்தையார் போய் வெகுநேரம் ஆகியும் காலைக் கீழே வைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

கழகம் இரங்கல் கூட்டம் போட்டு இரண்டு நிமிடம் மௌனமாக நின்றது. இரண்டாம் ஆண்டு ஓட்டத்தை வேதமுத்துவின் பதினொரு குட்டிகளுக்காக நடத்துவது என்று தீர்மானம் நிறைவேறியது. சிறுத்தையார் கண் கலங்கித் தலைமை தாங்க இசைந்தார். மேடையில் அவருக்குப் பக்கத்தில் வண்டியில் உட்காரப் பவளமும் சம்மதித்தாள். படிவம் வாங்க வந்த வரிசையில் பாதிப் பேர் நொண்டிக்கொண்டு வந்தார்கள். மேடையில் எத்தனை பேருக்கு இடமிருக்கிறது என்று எல்லாரும் கீரியிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

நீதி: வேகமாக ஓடக் கற்றுக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன், உங்களைத் தின்னப்போகிறவரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.