ரேத்தோவுக்குப் போட்ட மாலை

நான் ஒரு மனிதரைப் பூமாலையால் கொன்றிருக்கிறேன். அவர் இப்போதும் சுவிஸின் துன் நகரத்தில் குழாய் திருத்திக்கொண்டு, நல்ல பசியோடு வாழ்கிறார் என்பது வேறு விடயம். ஆனால் 2013இல் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஏறத்தாழ அரை மணிநேரம், எங்கள் ஓர்லிகோன் வட்டாரத் தமிழர்களைப் பொறுத்தவரை அவர் காலமாகியிருந்தார். அதற்கு முழுப்பொறுப்பும் என்னுடையது.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. கிம்னாசியத்தில் கடைசி வருடம். (கிம்னாசியம் என்பது பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பள்ளிக்கூடம். ஊரிலிருந்து தொலைபேசியில் கதைக்கும் சித்தப்பா, நான் ஆறு வருடமாக உடற்பயிற்சி செய்கிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.) கணிதத்தில் எனக்கு மூன்று. இங்கே ஆறுதான் உச்சம். நாலுக்குக் கீழே போனால் பள்ளம். அந்தப் பள்ளத்தை மூட ஒரே வழி, இறுதி ஆண்டில் எல்லோரும் செய்யவேண்டிய தனிப்படைப்பில் ஐந்தரை எடுப்பது. எடுக்காவிட்டால் அந்த வருடத்தைத் திரும்பப் படிக்கவேண்டும், அதே கணித ஆசிரியரிடம்.

நான் தேர்ந்தெடுத்த தலைப்பு பேஸ்போல். எங்கள் வட்டாரத்தில் ஒரு பேஸ்போல் கழகம் இருந்தது. அதற்கு மொத்தம் பன்னிரண்டு ரசிகர்கள். அதில் ஐந்து பேர் வீரர்களின் காதலிகள், ஐந்து பேர் பெற்றோர், ஒன்று நாய். நான் மட்டுமே சொந்த விருப்பத்தில் வந்தவள். (நாயைக் கேட்டால் அதுவும் இழுத்துவரப்பட்டதென்றுதான் சொல்லும்.) அம்மா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "இது ஊரிலை தடியாலை பந்தடிச்சு ஓடுற எங்கடை எல்லே விளையாட்டு. நான் பள்ளிக்கூடத்திலை விளையாடினது. நாங்கள் இதைவிட நல்லா ஓடுவம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திட்டம் எளிமையானது. பருவத்தில் பதினான்கு ஆட்டங்கள், பதினான்கு ஓவியங்கள். ஒவ்வொரு ஆட்டத்தன்று காலையிலும் துணி முழுக்க மஞ்சள் பூசுவேன், அது நம்பிக்கை. ஆட்டம் முடிந்து வந்து, நடந்ததை அதன்மேல் வரைவேன். வெற்றி என்றால் மஞ்சள் பளிச்சென்று தெரியும். தோல்வி என்றால் சாம்பல் நிறம் மூடும். கழகம் அந்த வருடம் கிண்ணமே வெல்லும் என்று எண்ணி, மஞ்சளில் ஆறு பெரிய குழாயும் சாம்பலில் ஒரு சின்னக் குழாயும் வாங்கினேன்.

மே மாதம் முடியமுதலே சாம்பல் தீர்ந்துவிட்டது.

பதின்மூன்று ஆட்டங்களில் எங்களுக்கு ஒரேயொரு வெற்றி. அதுவும் எதிரணியின் வாகனம் வழியில் நின்றுவிட்டதால், ஒன்பதுக்குப் பூச்சியம் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட வெற்றி. அன்றைக்கு ஆளில்லாத மைதானத்தை மஞ்சளில் வரைந்தேன். பன்னிரண்டு சாம்பல் படங்களுக்கு நடுவே அது முட்டைப்பொரியல் போலக் கிடந்தது. வரைதல் ஆசிரியை வந்து எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு கேட்டார்: "தோல்வி தெரிகிறது. நம்பிக்கை எங்கே போயிற்று?"

அந்தக் கேள்விக்குத்தான் ரேத்தோவை வரைந்தேன். ரேத்தோ எங்கள் அணியின் பந்து எறிபவர். வயது இருபத்தாறு. எத்தனை அடி வாங்கினாலும் அடுத்த பந்தை எறியமுதல் ஒரு கணம் கண்ணை மூடிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை, கழுத்துக்கு மேலே ஆளளவில், முழு மஞ்சளில் வரைந்து சட்டமிட்டேன். கடைசி ஆட்டமும் என் காட்சியும் ஒரே சனிக்கிழமை. ஆட்டம் முடிய அணி முழுதும் பள்ளிக்கூடத்துக்கு வருவதாக ஏற்பாடு.

இத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. கொஞ்சம் தமிழ்ப் பண்பாட்டையும் காட்டுவோமே என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பப்பாவின் படத்துக்கு மாலை போட்டு முன்னால் சின்ன விளக்கு எரியும். தமிழர் மரியாதை செய்யும் முறை அது என்று நான் விளங்கி வைத்திருந்தேன். (அப்பப்பா நான் பிறக்கமுதலே போய்விட்டார். மாலையையும் சாவையும் இணைத்துப் பார்க்க எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.)

ஓர்லிகோனில் தமிழ்க் கடை வைத்திருக்கும் அண்ணையிடம் போனேன்.

"ஆருக்குப் பிள்ளை மாலை?"

"ஒரு படத்துக்கு அண்ணை. ரேத்தோ எண்டு, எங்கடை கழகத்துப் பெடியன்."

அண்ணை கையிலிருந்த கறிவேப்பிலைக் கட்டைக் கீழே வைத்தார். "என்ன வயசு?"

"இருபத்தாறு."

"கடவுளே. எப்பிடி?"

எப்படி விளையாடுகிறார் என்று கேட்கிறார் என நினைத்தேன். "தோள் பிரச்சினை. ஆனா கடைசிவரைக்கும் போராடினவர் அண்ணை."

"எப்ப, எங்கை?"

"சனிக்கிழமை அஞ்சு மணிக்கு, எங்கடை பள்ளிக்கூடத்திலை. நீங்களும் வாங்கோவன்."

"கட்டாயம் வாறன். நீர் மனசைத் தளரவிடாதையும்" என்றார். இந்த மனிதருக்குப் பேஸ்போல் மீது இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோய் வீடு வந்தேன். அவர் கொடுத்த மாலை முழுக்க வெள்ளைப் பூ. மஞ்சளுக்கு எடுப்பாக இருக்கும் என்று மகிழ்ந்தேன்.

சனிக்கிழமை வாசலில் ரேத்தோவின் படத்தை நிறுத்தி, மாலை போட்டு, குத்துவிளக்கை ஏற்றினேன். பின்னால் சுவர் நிறையச் சாம்பல் ஓவியங்கள். நான் அழைத்தது பத்துப் பேரை. ஐந்து மணிக்குள் நாற்பது தமிழர்கள் வந்துவிட்டார்கள். கலைக்கு எங்கள் சனம் இப்படித் திரளுமா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கலியாணத்துக்குத்தான் அழைப்பு வேண்டும், செத்த வீட்டுக்குக் கேள்விப்பட்டாலே போதும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. எல்லோரும் வெள்ளையிலோ கறுப்பிலோ வந்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சுவிஸ் கண்காட்சிகளில் அப்படித்தான் நிற்பார்கள் என்பதால் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

நான் ஆசிரியைக்கு ஏழாவது தோல்வியை விளக்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் ரேத்தோவின் தாயார் மைதானத்திலிருந்து நேரே வந்து இறங்கினார். ரேத்தோவின் அம்மா என்று தன்னை அறிமுகப்படுத்திய அவரை எதிர்கொண்டவர் அப்பாவின் தங்கை, எங்கள் மாமி. துணிச்சலும் சரளமான ஜெர்மனும் உள்ளவர். நடந்த உரையாடலை மாமியே பிறகு நூறு தடவை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"உங்கள் துக்கத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம்" என்றார் மாமி, இரு கைகளையும் பிடித்து.

தாயார் நெகிழ்ந்துவிட்டார். பதினான்குக்கு மூன்று என்று தோற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியதற்கு இத்தனை பேரா? "நன்றி. எதிர்பார்த்ததுதான். ஏப்ரலிலேயே எனக்குத் தெரியும். டாக்டரிடம் போ என்றேன், கேட்டானா?"

"எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீர்கள்."

"உண்மையைச் சொன்னால் இப்போது நிம்மதி. இனி வார இறுதியில் நான் மலைக்குப் போகலாம்."

மாமி திரும்பிச் சனத்திடம் தமிழில் சொன்னார்: "பெத்த தாய் மலை ஏறப் போறாவாம்."

"குளியல் முடியப்போகிறது. அவனைப் பத்து நிமிடத்தில் இங்கே கொண்டுவந்துவிடுவார்கள்" என்றார் தாயார். ரேத்தோவின் கார் பழுது, நண்பர்கள்தான் ஏற்றி வந்தார்கள்.

மாமி குரலைத் தாழ்த்தினார். "குளிப்பாட்டி இங்கைதான் கொண்டு வருகினமாம்."

"பள்ளிக்கூடத்துக்கோ?" என்றார் கடை அண்ணை.

நாற்பது பேரும் வழிவிட்டு இரு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். கதவு திறந்தது. தலைமயிர் ஈரமாக, தோளில் பையோடு, தன் காலால் நடந்து ரேத்தோ உள்ளே வந்தார். முதலில் படத்தைப் பார்த்துச் சிரித்தார், படத்தில் இருந்த அதே சிரிப்பு. கடை அண்ணை இரண்டு அடி பின்னால் போய் எட்டாவது தோல்வியில் முதுகை இடித்தார். மாமி மட்டும் அசையவில்லை. கிட்டப் போய் ரேத்தோவின் கையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "சூடா இருக்கு" என்று சபைக்கு அறிவித்தார்.

அந்த நேரம் பார்த்து, முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து, பொரித்த ரோல்ஸ் பலகாரத் தட்டோடு அம்மா வந்தார். விளக்கைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், வெள்ளை உடுப்புகளைப் பார்த்தார்.

"பிள்ளை, ஆர் செத்தது?"

"ஒருத்தரும் இல்லையம்மா. மரியாதைக்குத்தான் மாலை."

அம்மா ரோல்ஸ் தட்டை என் கையில் தந்தார். படத்திலிருந்து மாலையைக் கழற்றி, ரேத்தோவின் கழுத்தில் போட்டார். "தோற்றதற்கா?" என்று கேட்டார் ரேத்தோ, குழப்பத்தோடு. "இல்லைத் தம்பி, இருக்கிறதுக்கு" என்று அம்மா தமிழிலேயே சொன்னார். அணிக்காரர்கள் கை தட்டினார்கள். அந்தப் பருவம் முழுக்க அவர்களுக்கு விழுந்த முதல் கைதட்டல் அதுதான், அதையும் அவர்களே தட்டவேண்டியிருந்தது. பிறகுதான் ஒருவர் சிரிக்க, நாற்பது பேரும் சிரித்தார்கள். ரோல்ஸ் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஆசிரியை மட்டும் குறிப்பேட்டில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "வெள்ளை உடையில் பார்வையாளர்கள், படத்திலிருந்து மனிதனுக்கு மாறும் மாலை. இதெல்லாம் திட்டமிட்டதா?" என்று கேட்டார்.

ஐந்தரை என் கண்முன்னே நின்றது. வாயைத் திறந்தேன். "ஓம்" என்று வரவேண்டிய இடத்தில், மாமி முந்திக்கொண்டார். "திட்டமா? இவளுக்கு ஒன்றும் தெரியாது. சரியான முட்டாள்." அழகான, இலக்கணப் பிழையில்லாத ஜெர்மன்.

வேறு வழியில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஆசிரியை கண்ணீர் வரச் சிரித்தார். இரண்டு வாரம் கழித்து மதிப்பீடு வந்தது: "மாணவிக்குத் தன் கருவிகளைப் பற்றிய அறிவு போதாது. ஆனால் பார்வையாளர் ஒருவர்கூடச் சும்மா நிற்கவில்லை. ஐந்தரை."

போன வருடம் தம்பியின் கலியாணம். மணமேடைக்கு மாலைத்தட்டை நான்தான் கொண்டுபோகவேண்டும் என்று தம்பி பிடிவாதமாக நின்றான். நான் தட்டோடு மண்டபத்துக்குள் நுழைய, மாமி ஐயரிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

"மாலை வருகுது. மாப்பிள்ளை, பொம்பிளை, ரெண்டு பேரும் ஒருக்கா அசைஞ்சு காட்டுங்கோ."

இருவரும் கையை உயர்த்தி ஆட்டினார்கள். பாதுகாப்புக்காக ஐயரும் ஆட்டினார்.